ஒரு கம்பெனியைச் சுற்றி ஓர் ஊர்: இந்தியானா கொலம்பசுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு

டிக்கெட் போடும்போதே கவனம் வேண்டும். கொலம்பஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒஹாயோ மாநிலத் தலைநகர். நீங்கள் வேலைக்கு வருவது இந்தியானா மாநிலத்தின் தெற்குப் பாதியில் இருக்கிற சின்ன ஊருக்கு. இரண்டுக்கும் நடுவே காரில் மூன்று மணி நேரத் தூரம். நீங்கள் இறங்க வேண்டியது இண்டியானபொலிஸ் விமான நிலையம். அங்கிருந்து ஐ-65 நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரம். கொலம்பசிலும் ஒரு விமான நிலையம் உண்டு, ஆனால் பயணிகள் விமானம் எதுவும் அங்கே வராது. அது பழைய பேக்கலார் விமானப்படைத் தளம். 1970-இல் படை காலி செய்துவிட்டுப் போனது, இப்போது அந்த வளாகத்தில் கல்லூரிகள் நடக்கின்றன.

நம்மவர்கள் இந்த ஊருக்கு வருவது பெரும்பாலும் டீசல் எஞ்சினை முன்னிட்டுத்தான். எஞ்சின் வடிவமைப்பு, எமிஷன் (புகை) கட்டுப்பாடு, கன்ட்ரோல் மென்பொருள், டெஸ்டிங், சப்ளை செயின், ஐடி என்று துறை மாறலாம். சம்பளம் தருகிற கம்பெனியின் பெயரும் மாறலாம். கடைசியில் பார்த்தால் வேலை, இந்த ஊரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கிற டீசல் எஞ்சின் கம்பெனியான கம்மின்ஸுக்காகவோ, கம்மின்ஸுக்குப் பொருள் கொடுக்கிற இன்னொரு கம்பெனிக்காகவோ இருக்கும். அதனால் இங்கே வேலையையும் ஊரையும் பிரித்துப் பார்க்க முடியாது. வீட்டு வாடகை, கடைவீதியின் சந்தடி, பக்கத்து வீட்டுக்காரரின் முகம் எல்லாமே அமெரிக்காவில் அந்த ஆண்டு எத்தனை லாரி விற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். கீழே சொல்கிற ஒவ்வொன்றும் இதைச் சுற்றித்தான் வருகிறது.

முதலில் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2010 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 44,061. 2020-இல் 50,474. சுற்றியுள்ள பார்த்தலோமியூ கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) முழுவதையும் சேர்த்தால் 82,208. நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி அளவுகூட இல்லை. ஆனால் அமெரிக்காவின் இந்தப் பகுதியில் பத்தாண்டுகளில் ஒரு சிறுநகரம் இப்படி வளர்வது அபூர்வம். சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்கள் பல தேய்ந்துகொண்டிருக்க, இது வளர்ந்ததற்கு வெளியிலிருந்து வந்தவர்களே முக்கியக் காரணம்.

பழைய குடிகள் பெரும்பாலும் ஜெர்மானிய வம்சாவளி விவசாயக் குடும்பங்கள். அவர்களோடு, தொழிற்சாலை வேலை தேடி கென்டக்கி, அப்பலாச்சிய மலைப்பக்கங்களிலிருந்து வடக்கே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாத்தா எஞ்சின் பிளான்ட்டில் லைனில் நின்றவர், அப்பா அதே பிளான்ட்டில் மெஷினிஸ்ட், மகள் அலுவலகத்தில் மேனேஜர் என்கிற குடும்பங்களை நிறையப் பார்க்கலாம். கம்மின்ஸின் இப்போதைய தலைமை அதிகாரி ஜெனிஃபர் ரம்சி வளர்ந்ததே இந்த ஊரில்தான். துணை அதிபராக இருந்த மைக் பென்ஸ் பிறந்ததும் இங்கேதான். ஊர் பெரும்பாலும் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும். அலுவலகப் பேச்சில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் எல்லோரும் கடைப்பிடிக்கிற நாகரிகம்.

அடுத்தவர்கள் ஜப்பானியர். ஃபோர்க்லிஃப்ட் செய்யும் டொயோட்டா மெட்டீரியல் ஹேண்ட்லிங், அச்சுத்தண்டு செய்யும் என்டிஎன், அலுமினியச் சக்கரம் வார்க்கும் என்கெய் என்று பல ஜப்பானியத் தொழிற்சாலைகள் இங்கே உண்டு. அவர்களில் பலர் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களும் கூடிக்கொண்டே வருகின்றன. தொழிற்சாலைத் தளம், உணவகம், கட்டட வேலை எங்கும் அவர்கள் உண்டு.

பிறகு இந்தியர்கள். இந்தியானா மாநில மக்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட ஆசியர் இல்லை; இந்த ஊரில் அது பல மடங்கு. ஆனால் இங்கே இந்தியக் குரல் என்றால் முதலில் காதில் விழுவது மராத்தி. கம்மின்ஸ் 1962-இலேயே புனேயில் காலூன்றிவிட்டது. அங்கே அந்தப் பெயரில் பெண்களுக்கான பொறியியல் கல்லூரிகூட உண்டு. அதனால் புனேயிலிருந்து கொலம்பஸ் என்பது நன்றாகத் தேய்ந்த பாதை. கணபதி விழாவில் லெஜிம் என்கிற மராத்திய நாட்டுப்புற ஆட்டத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். தமிழரும் தெலுங்கரும் இரண்டாம் வரிசைதான். தமிழ்ச் சங்கம், வார இறுதித் தமிழ்ப் பள்ளி எல்லாம் இண்டியானபொலிஸ் பக்கம்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், வந்த முதல் மாதத்தில் நம்மவர் பலர் ஒரே அபார்ட்மென்ட் வளாகம், ஒரே வாட்ஸப் குழு, ஒரே கார்பூல் என்று அடங்கிவிடுகிறார்கள். அது வசதிதான், தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் உங்களை அறிய வேண்டும் என்றால் லைனில் வேலை செய்கிற ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினைச் சோதிக்கிற டெஸ்ட் செல்லில் இருபது வருஷமாக நிற்கிற டெக்னீஷியனுக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்தது பல பொறியாளர்களுக்குத் தெரியாது என்பது தனிக் கதை.

கம்பெனியின் கதையைச் சுருக்கமாகத் தெரிந்து வையுங்கள்

இதைத் தெரிந்துகொண்டால் ஊரின் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். க்ளெஸி கம்மின்ஸ் இந்த ஊர் வங்கிக்காரர் டபிள்யூ. ஜி. இர்வினிடம் கார் ஓட்டியவர், மெக்கானிக். இர்வின் பணம் போட, 1919-இல் கம்பெனி தொடங்கியது. ஏறத்தாழ பதினெட்டு வருஷம் லாபமே இல்லை, வங்கிக்காரர் பொறுத்துக்கொண்டார். பிறகு தலைமைக்கு வந்தவர் அவருடைய குடும்ப வாரிசு ஜே. இர்வின் மில்லர். சின்ன ஊருக்கு நல்ல பொறியாளர்கள் வர மாட்டார்களே என்ற கவலை அவருக்கு. ஊரே நன்றாக இருந்தால் வருவார்கள் என்று முடிவு செய்தார். பொதுக் கட்டடங்களுக்குச் சிறந்த கட்டடக் கலைஞர்களை அமர்த்தினால் அவர்களுடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை தரும் என்று 1950-களில் அறிவித்தார்.

நூலகம் ஐ. எம். பெய் வடிவமைத்தது. முன்னால் நிற்கிற பெரிய வெண்கல வளைவு ஹென்றி மூருடையது. தேவாலயங்கள் சாரினென் தந்தை மகன் இருவருடையவை. தீயணைப்பு நிலையம்கூட ராபர்ட் வென்சூரி வரைந்தது. வீடு பார்க்க வருகிற வார இறுதியில் இவற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். அலுவலகத்தில் பேச்சுக் கொடுக்க இதைவிட நல்ல விஷயம் இல்லை. பிறகு வாஷிங்டன் தெருவில் 1900-லிருந்து இருக்கிற ஸஹராகோஸ் ஐஸ்கிரீம் கடைக்குப் போங்கள்.

எந்த பேட்ஜ் என்று கேட்டுத் தெளியுங்கள்

ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரே கட்டடத்தில், ஒரே மேசை வரிசையில், ஒரே டிராயிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் இருவரின் நிலைமை வேறாக இருக்கும். ஒருவர் கம்பெனியின் நேரடி ஊழியர். மற்றவர் இந்திய சேவை நிறுவனம் ஒன்றின் ஊழியர், அல்லது அமெரிக்க ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர். பேட்ஜ் வேறு, மருத்துவக் காப்பீடு வேறு, விடுமுறை வேறு. ஆர்டர் குறைகிற காலத்தில் யார் முதலில் போவார்கள் என்பதும் வேறு.

நீங்கள் கேட்க வேண்டியவை: விசா மனுவில் முதலாளியாக யார் பெயர் இருக்கும்? எல்-1 விசா (கம்பெனிக்குள்ளேயே இடமாற்றமாக வருகிறவர்களுக்கானது) என்றால் அந்தக் கம்பெனிக் குழுமத்தை விட்டு அப்படியே இன்னொரு முதலாளியிடம் மாற முடியாது. எச்-1பி (திறன் வேலைக்கான விசா) என்றால் புதிய முதலாளி மனு போட்டால் மாறலாம். கிரீன் கார்டு மனுவை எப்போது தொடங்குவார்கள், அது எழுத்தில் இருக்கிறதா? பிளான்ட் மூடுகிற வாரங்களில் உங்களுக்குச் சம்பளம் உண்டா? இங்கே பல தொழிற்சாலைகள் ஜூலை 4-ஐ ஒட்டியும் கிறிஸ்துமசிலிருந்து புத்தாண்டு வரையும் மூடிவிடும். நேரடி ஊழியருக்கு அது விடுமுறை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒப்பந்தக்காரருக்கு அது வருமானமில்லாத வாரம். பட்ஜெட் போடும்போதே இதைக் கழித்துவிடுங்கள்.

சம்பள வகையையும் பாருங்கள். மணிக்கணக்கு ஊழியருக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் சட்டப்படி உண்டு. பொறியாளர்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. ராத்திரி எத்தனை கால் எடுத்தாலும் அதே சம்பளம்.

இந்தியானாவில் வேலை என்பது இருதரப்பு விருப்பத்தின் பேரில்தான். காரணம் சொல்லாமல் அவர்களும் நிறுத்தலாம், நீங்களும் விலகலாம். 2012-இலிருந்து தொழிற்சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்க முடியாது என்ற சட்டமும் உண்டு. இருந்தாலும் கம்மின்ஸ் பிளான்ட்களில் டீசல் ஒர்க்கர்ஸ் யூனியன் என்ற உள்ளூர்ச் சங்கம் நெடுங்காலமாக இருக்கிறது. நீங்கள் அலுவலகப் பொறியாளராக இருந்தாலும் இது உங்களைத் தொடும். சங்க ஊழியர் செய்ய வேண்டிய வேலையை, ஸ்பேனர் கையில் இருக்கிறதே என்று நீங்கள் செய்துவிட்டால் புகார் வரும். தொடுவதற்கு முன் சூப்பர்வைசரைக் கேளுங்கள்.

வந்திறங்கியதும் காகித வேலைகள்

இறங்கிய அன்றே, எதுவரை தங்கலாம் என்று காட்டுகிற ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து, பெயரும் விசா வகையும் தேதியும் சரியா என்று பாருங்கள். தப்பிருந்தால் அதை வைத்துச் செய்கிற எல்லாம் தப்பாகும். அடுத்தது, சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கப்படுகிற சோஷியல் செக்யூரிட்டி எண். இறங்கிச் சில நாள் கழித்துப் போனால் உங்கள் பதிவு அவர்கள் கணினியில் ஏறியிருக்கும். வேலை அனுமதி இல்லாத துணைவருக்கு இந்த எண் கிடைக்காது. தகுதியில்லை என்று அவர்கள் தருகிற கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் உரிமத்துக்குப் போகும்போது தேவைப்படும்.

வங்கிக் கணக்கு அன்றைக்கே திறந்துவிடலாம். கிரெடிட் வரலாறு பூஜ்ஜியத்தில் இருப்பதால், டெபாசிட் கட்டி வாங்குகிற கிரெடிட் கார்டு ஒன்றை எடுத்து, மாதம் மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, முழுத் தொகையையும் கட்டிவாருங்கள். கார் கடன் வட்டி இதைப் பொறுத்துத்தான்.

வரி பற்றி இரண்டு வரி போதும். இந்தியானாவில் எல்லா வருமானத்துக்கும் ஒரே மாநில வரி விகிதம்: 2025-இல் 3%, 2026-இல் 2.95%. அதற்கு மேல் கவுண்டி வரி உண்டு. ஜனவரி 1 அன்று நீங்கள் எந்தக் கவுண்டியில் குடியிருந்தீர்களோ அதன் விகிதம் அந்த ஆண்டு முழுவதற்கும் பொருந்தும். விற்பனை வரி 7%, ஆனால் சமைக்கிற மளிகைப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது.

கார் இல்லாமல் முடியாது

கொலம்பஸ் பஸ் என்று ஊர்ப் பெயரிலேயே சின்னப் பேருந்து சேவை இருக்கிறது. நூலகத்துக்கும் மருத்துவமனைக்கும் போக அது உதவும். இரவு ஷிப்டுக்கோ தெற்கே வேல்ஸ்பரோ பிளான்ட்டுக்கோ அதை நம்ப முடியாது. வேல்ஸ்பரோவில்தான் ராம் பிக்கப் வண்டிகளுக்கான எஞ்சின்கள் தயாராகின்றன. பெரிய குதிரைத்திறன் எஞ்சின்கள் தெற்கே இருபது மைல் தள்ளி சீமோரில். ஆகவே கார் வேண்டும், உரிமமும் வேண்டும்.

இந்தியானாவில் குடியேறிய 60 நாளுக்குள் மாநில உரிமம் எடுக்க வேண்டும். உரிமம் தருகிற அலுவலகத்தின் பெயர் பிஎம்வி. எழுத்துத் தேர்வு, கண் பரிசோதனை, ஓட்டிக் காட்டும் தேர்வு மூன்றும் உண்டு. எழுத்துத் தேர்வில் சாலைக் குறிகள் தனிப் பகுதி. கையேட்டைப் படிக்காமல் போகாதீர்கள். ஓட்டும் தேர்வில் நம்மவர் விழுவது பெரும்பாலும் ஸ்டாப் பலகையில். ஆள் நடமாட்டமே இல்லாத சந்தாக இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குப் போட்டு நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். அதில் மன்னிப்பே கிடையாது.

அக்டோபர், நவம்பர் மாலைகளில் மான்கள் சாலையில் பாயும். ஒன்று போனால் பின்னால் இன்னொன்று வரும் என்று நினைத்து ஓட்டுங்கள். காப்பீட்டில் மான் மோதலுக்கான பகுதியைச் சேர்க்க மறக்க வேண்டாம். ஐ-65 முழுக்க லாரிகள். அவற்றில் பலவற்றின் எஞ்சின் உங்கள் ஊரில் வடிவமைக்கப்பட்டது என்கிற பெருமை, பனிக்காலத்தில் இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் உதவாது.

வீடு

மேற்கே டிப்டன் லேக்ஸ் பகுதியில் ஏரி, மரம், நடைபாதை எல்லாம் உண்டு. பொறியாளர் குடும்பங்கள் அதிகம், விலையும் அதிகம். வடக்குப் பக்கம் அபார்ட்மென்ட்கள், கடைகள். ஊர் நடுவில் இருந்தால் தலைமை அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். சிலர் வடக்கே கிரீன்வுட்டில் குடியிருந்து தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வருகிறார்கள். இந்திய உணவகம், கோயில், பெரிய மளிகைக் கடை எல்லாம் பக்கத்தில் என்பது அவர்கள் கணக்கு. துணைவருக்கு இண்டியானபொலிஸ் பக்கம் வேலை என்றால் அது நல்ல ஏற்பாடு. இருவருக்கும் கொலம்பசில் வேலை என்றால் கிரீன்வுட்டுக்குப் போவது வீண் அலைச்சல் என்பேன்.

எந்த வீடானாலும் வெள்ள வரைபடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2008 ஜூன் 7 அன்று ஹா ஓடை பெருகி, ஊர் மருத்துவமனையின் அடித்தளம் மூழ்கி, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. சில மாதங்கள் மருத்துவமனையே மூடியிருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் இன்னொன்றும் பாருங்கள்: வேலை போனாலோ இடம் மாற்றினாலோ முன்கூட்டியே காலி செய்ய என்ன தண்டம்? இந்த ஊரில் அந்த ஒரு பத்தி, சமையலறையின் அளவைவிட முக்கியம். கீழ்த்தளமோ சன்னல் இல்லாத உள்ளறையோ எது என்று சூறாவளி எச்சரிக்கைக்காகக் குறித்து வையுங்கள். சைரன் ஒலித்தால் பால்கனிக்கு ஓடி வீடியோ எடுப்பது நம்மவர் பழக்கம். அங்கே நிற்கக் கூடாது.

வேலை நாள் எப்படிப் போகும்

நாள் சீக்கிரம் தொடங்கும். கோடையில் இந்திய நேரத்துக்கும் இங்கேயும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. புனேயோடு பேச வேண்டிய குழுக்கள் காலை ஏழு மணிக்கே கூட்டம் வைத்துவிடும். சீனாவோடு என்றால் இரவு. கடிகாரம் மாறுகிற மார்ச், நவம்பர் வாரங்களில் யாராவது ஒருவர் கூட்டத்தைத் தவற விடுவது வழக்கம்.

மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ‘சார்’ என்றால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். இங்கத்தியக்காரர்கள் கூட்டத்தில் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். தலையசைப்பார்கள், சிரிப்பார்கள், பிறகு உங்கள் யோசனை சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து காணாமல் போகும். எனவே கூட்டம் முடிந்ததும் தனியாகப் போய், ‘இதில் உங்களுக்கு என்ன கவலை?’ என்று கேளுங்கள். அப்போது சொல்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மதிப்பு குறையாது. முடியாத தேதிக்குச் சரி என்று சொன்னால்தான் குறையும்.

பிளான்ட் தளத்துக்குள் பாதுகாப்புக் கண்ணாடியும் இரும்பு முனை ஷூவும் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மஞ்சள் கோட்டுக்குள் நடங்கள், நடக்கும்போது போனைப் பார்க்காதீர்கள். பாதுகாப்பு விதியை மீறியவரை யார் வேண்டுமானாலும் நிறுத்திச் சொல்லலாம். பதவி குறுக்கே வராது.

மதியம் உணவு மேசையிலேயே அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்து மணிக்குக் கார் நிறுத்துமிடம் காலி. அதற்குப் பிறகு உட்கார்ந்திருந்தால் உழைப்பாளி என்று யாரும் மெச்ச மாட்டார்கள்.

ஊர்க்காரர்களோடு பழகச் சுலபமான வழி தன்னார்வ வேலை. கம்மின்ஸ் ஊழியர்கள் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் வேலை நேரத்திலேயே ஊர்ப் பணிக்குப் போக அனுமதி உண்டு. உணவு வங்கியில் பெட்டி அடுக்கலாம், பள்ளியில் ரோபோட்டிக்ஸ் குழுவுக்கு உதவலாம். சூப்பர்வைசரோடு தக்காளி டின் அடுக்கிய அரை நாளில் கிடைக்கிற பழக்கம் பல மாதக் கூட்டங்களில் கிடைப்பதில்லை. அக்டோபரில் எத்னிக் எக்ஸ்போ என்கிற விழா, 1984-இலிருந்து நடந்துவருவது. உணவுக் கடைகளில் வேலை செய்ய ஆள் தேவைப்படும். தோசை ஊற்றத் தெரிந்தால் போதும், ஊருக்கே தெரிந்தவராகிவிடலாம்.

அண்டை வீட்டார் முதல் சந்திப்பிலேயே ‘எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?’ என்று கேட்டால் மதம் மாற்ற வருகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே நட்பும் உதவியும் பெரும்பாலும் சர்ச் வழியாகவே நடக்கும். நம் ஊரில் ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்பதைப் போல. இண்டியானபொலிஸ் கோயிலுக்குப் போவோம் என்று சொல்லுங்கள், ஆர்வமாகக் கேட்பார்கள்.

துணைவரின் வேலை

பல குடும்பங்கள் இந்த ஊரை விட்டுப் போவதற்குக் காரணம் பனியும் இல்லை, சம்பளமும் இல்லை; வீட்டில் இருக்கிற இன்னொருவரின் வேலை. எல்-1 காரரோடு எல்-2 விசாவில் வரும் துணைவருக்கு விசா நிலையோடு வேலை அனுமதியும் வந்துவிடுகிறது. எச்-1பி காரரோடு எச்-4 விசாவில் வரும் துணைவருக்கு, அந்த எச்-1பி காரரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக முதலாளி போடும் மனு) ஏற்கப்பட்டிருந்தாலோ, அவர் எச்-1பியின் ஆறாவது ஆண்டைத் தாண்டி கிரீன் கார்டுக்கான நீட்டிப்பில் இருந்தாலோதான் இஏடி என்கிற வேலை அனுமதி அட்டை கிடைக்கும். அதுவரை சம்பள வேலை செய்யக் கூடாது. வீட்டிலிருந்தபடி இந்தியக் கம்பெனிக்கு வேலை செய்வது, யூடியூபில் சம்பாதிப்பது போன்றவற்றிலும் சிக்கல் உண்டு, வழக்கறிஞரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

காத்திருக்கிற காலத்தில் படிப்பு நல்ல வழி. ஐவி டெக் சமுதாயக் கல்லூரி, இந்தியானா பல்கலைக்கழகத்தின் கொலம்பஸ் வளாகம், பர்டூ பாலிடெக்னிக் மூன்றும் ஊரிலேயே உண்டு. அனுமதி வந்த பிறகு வேலை தேடும்போது கம்மின்ஸை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவமனை, பள்ளி மாவட்டம், மேலே சொன்ன ஜப்பானியக் கம்பெனிகள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. இருவரின் சம்பளமும் ஒரே கம்பெனியிலிருந்து வந்தால் ஆர்டர் விழுகிற ஆண்டில் இரண்டும் ஒன்றாக ஆடும்.

பள்ளி, மருத்துவம்

ஊர்ப் பள்ளிகள் பார்த்தலோமியூ கன்சாலிடேட்டட் என்ற ஒரே மாவட்டத்துக்குள் வரும். தடுப்பூசிச் சான்றை இந்தியாவிலிருந்தே ஆங்கிலத்தில், தேதிகளோடு எடுத்து வாருங்கள். பள்ளி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும். கோடை விடுமுறையைக் குறைத்து, அக்டோபரிலும் மார்ச்சிலும் இரண்டு வாரம் விடுவார்கள். ஊருக்குப் போக டிக்கெட் பார்க்கிறவர்கள் இந்த நாள்காட்டியை முதலில் பாருங்கள்.

மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும், அர்ஜென்ட் கேர் என்கிற சிறு சிகிச்சை மையத்துக்கும் பில்லில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காய்ச்சல், வெட்டுக்காயம், காதுவலி எல்லாம் அர்ஜென்ட் கேரில் பார்த்துக்கொள்ளலாம். குடும்ப மருத்துவரிடம் புதியவராகப் பதிவு செய்ய வாரக்கணக்கில் ஆகலாம். உடம்புக்கு வருவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

ஆர்டர் விழும் ஆண்டுக்கு இன்றே தயாராகுங்கள்

கனரக லாரிச் சந்தை எப்போதும் ஏறி இறங்குவது. புதிய எமிஷன் விதி வருவதற்கு முந்தைய ஆண்டில் லாரிக் கம்பெனிகள் பழைய எஞ்சினை முந்திக்கொண்டு வாங்கும். விதி வந்ததும் ஆர்டர் சரியும். 2007 விதியின்போது அப்படித்தான் ஆனது. அது தேறுவதற்குள் 2008 நெருக்கடி வந்துவிட்டது. 2019 இறுதியில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 2,000 பேரைக் குறைப்பதாகக் கம்மின்ஸ் அறிவித்தது. 2023 டிசம்பரில், ராம் பிக்கப் எஞ்சின்களின் எமிஷன் விவகாரத்தில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு அது ஒப்புக்கொண்டது.

கம்பெனிகளும் நிலையில்லை. ஆர்வின் என்ற பெரிய கம்பெனி இந்த ஊரில்தான் தலைமையகம் வைத்திருந்தது. 2000-இல் மெரிட்டார் என்ற வாகன உதிரிபாகக் கம்பெனியோடு இணைந்து மிச்சிகனுக்குப் போய்விட்டது. அதன் சைலன்சர் தொழில் கைமாறி, ஃபோரேசியா என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடம் வந்தது. 2022-இல் அந்த மெரிட்டாரையே கம்மின்ஸ் வாங்கிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் இந்தச் சுற்றை ரசித்துச் சொல்வார்கள். நடுவில் வேலை போனவர்களுக்கு அதில் ரசனை ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது இது. வேலை நின்ற நாளிலிருந்து எச்-1பி, எல்-1 காரர்களுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். ஆகவே ஐ-140 ஒப்புதல், விசா மனு ஏற்கப்பட்டதைக் காட்டும் பழைய ஐ-797 படிவங்கள், பே-ஸ்டப் (சம்பளச் சீட்டு), டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள, வரிப் படிவம்), அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் கம்பெனி லேப்டாப்பில் வைக்காமல் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். லேப்டாப் அன்றைக்கே பூட்டப்படும். கம்பெனி ரகசியக் கோப்புகளைக் கூடவே நகலெடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், அது வழக்கில் முடியும். கையில் ஆறு மாதச் செலவு இருக்கும்வரை வீடு வாங்கும் பேச்சை எடுக்காதீர்கள். ஊரில் ஒரே நேரத்தில் பலருக்கு வேலை போகும் என்பதால், விற்க நினைக்கும்போது எல்லோரும் விற்பார்கள். கம்பெனி தந்த மருத்துவக் காப்பீட்டை கோப்ரா என்ற சட்டத்தின் வழியாக 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் முழுத் தொகையும் உங்கள் தலையில். அரசின் காப்பீட்டுச் சந்தையில் கிடைக்கிற திட்டத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் சேரவும் 60 நாள்தான் அவகாசம்.

ரெஸ்யூமேயில் ‘டீசல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கன்ட்ரோல்ஸ், கேலிப்ரேஷன், ஃபங்ஷனல் சேஃப்டி, டேட்டா என்று மற்ற துறைக்காரருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். இண்டியானபொலிசில் எலை லில்லி மருந்துக் கம்பெனியும் ரோல்ஸ்-ராய்ஸ் விமான எஞ்சின் பிரிவும் உண்டு. இரண்டுக்கும் ஐ-65 வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம். வீட்டையும் பள்ளியையும் மாற்றாமலே போய்வர முடியும்.